திரைக்குப் பின்னால் ஒரு மூன்று

என் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல்,
தோட்டப்பாளையத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
இரு கரையும் தொட்டு ஓடுகிறது,
செம்மண் கலங்கி, ஆளை இழுக்கும் வேகத்தில்.

பகலெல்லாம் ஆதாரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் நகலெடுக்கிறேன்.
மங்கலாய் விழுந்து வீணான தாள்களின்
பின்பக்கத்தில் வரைபடம் போடுகிறேன்.
ஒரு பக்கம் யாருக்கோ பித்தப்பைக் கல்.
மறுபக்கம் சுரங்கம், உடைந்த மதகு,
மூன்று பேர் வந்து நிற்கப்போகும் படித்துறை.

தஸ்தகீர், மேல்விஷாரம் தோல் ஷாப்பில் கணக்கெழுதுகிறவன்.
எத்தனை சோப்புக்கும் போகாத வாடை.
ஆட்டத்தில் அவன் அத்தர் வியாபாரி.
பூவரசன், காட்பாடி கவுண்டரில்
ஊரையெல்லாம் ரயிலேற்றிவிட்டு
தான் எங்கும் போகாதவன். ஆட்டத்தில் வழிகாட்டி.
நைட் டூட்டி இல்லாத ஞாயிறுகளில் ஹெப்சிபா.
பகலில் ஊசி போடும் கையில் இரவில் ஈட்டி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
போன வருஷம் வரை
எந்த வழியில் போனாலும் அதே சிறுத்தைதான் நின்றது.
இடது என்றால் இடதில்.
வலது என்றால் வலதில்.
மூன்று ராத்திரி விழித்து எழுதிய சிறுத்தை,
வீணாக்க மனசு வரவில்லை.
அவர்கள் அரைமணி நேரம் வாதாடி
இடது என்றபோது
யோசிப்பவன்போல் தலையாட்டினேன்.

பூவரசன்தான் மோப்பம் பிடித்தான்.
எந்தப் பெட்டியில் ஏறினாலும்
இறங்குவது ஜோலார்பேட்டைதான் என்று
கவுண்டரில் இருப்பவனுக்குத் தெரியாதா?
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த வாரம் "எந்தப் பக்கம்?" என்றதும்
"இன்னா, உன் இஷ்டம்ணா" என்று போனை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சிறுத்தைக்கு ஒரு குகை கொடுத்தேன்.
அங்கேயே கிடக்கும். நீங்கள் போகாவிட்டால் பட்டினி.
போகிற வழியில் எலும்பு போட்டேன், ரத்தம் காய்ந்த செருப்பு போட்டேன்.
கேட்டால் சொல்வேன்.
கேட்காவிட்டால் நாறவைப்பேன்.

அன்று அக்னி நட்சத்திரம், கரண்ட் இல்லை,
கழுத்தில் ஈரத்துண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெள்ளம்.
அக்கரையில் ஒரு பிள்ளை அழுகிறது.
படகுக்காரன் வரமாட்டேன் என்றான்.
விடிந்தால் வடியும் என்றான்.
விடிவதற்குள் பிள்ளை இருக்காது என்று
அவர்களுக்கும் தெரியும்.
"நான் இறங்கறேன்" என்றாள் ஹெப்சிபா.
"நிஜமாவா?" என்றேன்.
இந்த வேலையில் எனக்குத் தெரிந்த
ஒரே நேர்மையான சொல் அது.
"நிஜமா."

அரிசி மண்டி காலண்டர் அட்டைதான் என் திரை.
அதன் பின்னால் ஆற்றுக்காகப் பகடை உருட்டினேன்.
ஏழுக்கு மேல் விழுந்தால் கரை.
விழுந்தது மூன்று.
வாய் "பதினொன்று" என்றது.

தஸ்தகீர் தொடையைத் தட்டிச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
"அட்டைய எடுங்கண்ணா."
எடுத்தேன்.
மெழுகு ஒழுகும் வெளிச்சத்தில் மூன்று
மூன்றாகவே இருந்தது.

"வார்டுல எதுவும் என்னைக் கேட்டு நடக்கறதில்ல" என்றாள்.
"இங்க தெரிஞ்சு இறங்கினேன்.
அதையும் வாங்கிட்டீங்க."

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு நான் சொன்னேன்: ஆறு உன்னை இழுக்கிறது.
தஸ்தகீர் தன் தாளைத் தடவினான்.
"கயிறு இருக்கு! ரெண்டாவது வாரம் பேரம் பேசி வாங்கினேன்!"
எனக்கே மறந்துபோன கயிறு.
நடு மேசையில், எல்லோர் கண்ணெதிரே,
அவன் உருட்டினான்.

என்ன விழுந்தது என்பது எங்கள் நாலு பேருக்குள் இருக்கட்டும்.
ஈட்டி கிடைத்தது. பிள்ளை கிடைத்தது.
அடுத்த ஞாயிறு ஹெப்சிபா
புதுத்தாள் ஒன்று கேட்டு வாங்கினாள்,
பெயர் எழுதுமிடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தாள்.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு
பாலம் தாண்டி காட்பாடி போன பூவரசன்
ஒரு மெசேஜ் போட்டான்:
"கீழ வெறும் மணல்தாண்ணா.
ஆனாலும் வண்டிய மெதுவாத்தான் ஓட்டினேன்."