பத்தாம் நம்பர்

பர்கூர் கிரானைட் கம்பெனியை மூடிய அன்று
எட்டு மாதச் சம்பள பாக்கிக்கு
வரதராஜுலு என் கையில் வைத்தது
ஒரே ஒரு சாவி.
‘சீடியா ஸ்போர்ட்ஸ், மேடம்.
இப்பல்லாம் இது கிடைக்காது.’
அதன் சாமான்களும் கிடைக்காது என்பதை
அவர் சொல்லவில்லை.

நான் கணக்கெழுதியவள்.
ஸ்பேனர் பிடித்ததில்லை.
பழையபேட்டைச் சந்தில்
இருபுறமும் நாலு விரல் இடம் விட்டு
காது இரண்டையும் மடக்கிக்கொண்டு
சிவப்பாக உள்ளே வந்து நின்றது.

மறுநாள் தரையெல்லாம் எண்ணெய்.
தோத்தாபுரி என்று அச்சடித்த மாம்பழ அட்டையைப் பிரித்து
அடியில் விரித்தேன்.
விடிந்ததும் சொட்டுகளை எண்ணி நோட்டில் எழுதினேன்.
திங்கள் பதினொன்று.
செவ்வாய் பதினான்கு.
புதன் மழை, கணக்கு இல்லை.

மாதேஷ் வந்து முகர்ந்து பார்த்தான்.
‘என்ஜினை இறக்கணும்க்கா. நாப்பதாயிரம்.’
நாற்பதாயிரம் இருந்தால் நான் ஏன்டா
இதோடு குடித்தனம் நடத்துகிறேன்?

ஞாயிறு மத்தியானம் நானே திறந்தேன்.
காற்று வடிகட்டியைத் தட்டினால்
வெள்ளையாகக் கொட்டியது கல்தூசி.
ஒன்பது வருடம் நானும் இதே காற்றைத்தான் இழுத்தேன்.
கொஞ்சம் இருமிவிட்டு
புதியதை வைத்து மூடினேன்.

பிளக் குழிகள் நாலு.
மூன்றில் எண்ணெய் தளும்பி நின்றது.
மேல்மூடியின் ரப்பரைப் பிடித்து இழுத்தேன்,
பழைய முறுக்குபோல் ஒடிந்து ஒடிந்து வந்தது.
புது ரப்பர் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து
ஒரு கண்டக்டர் மடியில் உட்கார்ந்து வந்தது:
ஆயிரத்து நானூற்று ஐம்பது,
கண்டக்டருக்கு டீ தனி.

கோவிந்தப்பன் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம்;
நான் பார்க்க வேண்டிய இடத்தில்
ஒருமுறையும் வெளிச்சம் விழவில்லை.
‘இங்கே.’
‘இங்கேதானே பிடிக்கிறேன்?’
‘அது உங்கள் இங்கே.’

கடைசி போல்ட்.
கை நழுவியது பத்தாம் நம்பர் சாக்கெட்.
டிணுங் என்று ஒரு சத்தம்.
தரையைத் தொடும் இரண்டாவது சத்தம்
வரவே இல்லை.

காந்தத்தை நூலில் கட்டி இறக்கினேன்.
ஒரு ஹேர்பின் வந்தது. பெயர் தெரியாத திருகு ஒன்று.
குச்சியால் கிளறியதில் ஒரு வேர்க்கடலை.
மாடிவீட்டு ஷாஹிதா எட்டிப் பார்த்து
‘மீன் மாட்டுச்சா?’ என்றாள்.
தொண்ணூறு ரூபாய்க்கு வேறொன்று வாங்கி
அந்தக் கடைசி போல்ட்டை
குழந்தை டப்பாவின் மூடியைத் திருகுவதுபோல்
அளவாக இறுக்கினேன்.

மூன்றாவது முயற்சியில் உறுமியது.
சந்து முழுக்க நீலப் புகை,
ஷாஹிதாவின் துணிக்கொடி முழுக்க வசவு.

மறுநாள் அட்டையில் சொட்டு இல்லை.
நோட்டில் பூஜ்யம் போட்டு
வருடக் கணக்கை முடிப்பதுபோல
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

காவேரிப்பட்டணம் தாண்டி எண்பதைத் தொட்டபோது
முள் மட்டும் ஏறவில்லை, நானும் ஏறினேன்.
இருக்கை என் முதுகைப் பிடித்து அழுத்தியது.
கோவிந்தப்பன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
மாமா மகள் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு என்று
சம்பந்தமில்லாமல் கேட்டார்.
அப்போதுதான் காலுக்கடியில் எங்கோ
கிளிங்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
கிளிங், கிளிங்.

காரிமங்கலத்துக்கு முன்னால் ஒரு புளியமர நிழலில்
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
அடியில் படுத்துத் தகட்டைத் தளர்த்தினேன்.
நெஞ்சின் மேல் விழுந்தன
இரண்டு.

ஒன்று என்னுடையது, பளபளப்பு குறையாமல்.
மற்றது துருவேறியது.
வழுக்காமலிருக்க யாரோ அதில்
பச்சை நூலைச் சுற்றியிருந்தார்கள்.

வரதராஜுலுவின் நகக்கண்கள் எப்போதும் கறுப்பு.
தலைச்சாயம் என்றுதான்
ஆபீசில் நாங்கள் சிரிப்போம்.

‘என்ன ஆச்சு?’ என்றார் கோவிந்தப்பன்
வெளிச்சம் தேவைப்படாத பகலில் செல்போனை நீட்டியபடி.
ஒன்றுமில்லை என்றேன்.

இரவு நோட்டை எடுத்து
வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
பத்தாம் நம்பர், பழையது, ஒன்று.
அதற்கு மேல்வரியில்
எட்டு மாத பாக்கி
அப்படியே நிற்கிறது.