ஒரே நேரத்தில் ஒன்பது

மைனஸ் இருபத்தேழு.
ஜன்னல் கண்ணாடியை நகத்தால் தட்டி
வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியை
இன்னொரு முறை கேட்டேன்.
பேச்சை மாற்றவில்லை அது.

நேற்று தொங்கவிட்ட பன்றிக்கொழுப்பு
கல்லாகிக் கிடக்கிறது.
மரங்கொத்திக்கு அதில் ஆட்சேபணை இல்லை.
உப்புப் போடாத கொழுப்பு.
வோரு சந்தையில் லெம்பிட் எனக்கென்று எடுத்துவைப்பான்,
"உன் விருந்தாளிகளுக்கு" என்பான்,
காசை மட்டும் சில்லறை பிசகாமல் வாங்கிக்கொள்வான்.

இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில்
எடை போட்டவள் நான்.
எதைக் கண்டாலும் கை தானாக நிறுத்துவிடும்.
பட்டாணிக்குருவி பதினெட்டு கிராம்,
உறையோடு சேர்த்தாலும் ஒரே தபால்தலை போதும்.
நீலத்தொப்பிக்காரன் பதினொன்று.
இப்படி ஓர் இரவைத் தாண்ட
தன்னில் பத்தில் ஒரு பங்கை எரித்தாக வேண்டும்.
காலையில் வந்து இறங்குவது
நேற்று மாலை போன பறவையில்
கொஞ்சம் குறைந்த பறவை.
குறைந்ததை நான் தருகிறேன்,
சூரியகாந்தி விதையாக, தோலோடு.

இன்று எண்ணும் நாள்.
ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார வேண்டும்,
காபி ஆறினாலும் எழுந்திருக்கக் கூடாது.
வந்ததையெல்லாம் கூட்டுவதற்கில்லை,
போன குருவியே திரும்பவும் வரும்.
ஒரே நேரத்தில் கண்ணில் பட்டவை எத்தனையோ
அதில் பெரிய எண் மட்டும்தான் கணக்கு.
நியாயமான விதி.
திரும்பி வந்த பார்சல்களை
நாங்கள் இரண்டு முறை எண்ணி
வேலை தலைக்குமேல் என்று காட்டியதுண்டு.

பத்து பத்துக்கு மூன்று.
அப்புறம் ஐந்து.
பத்து இருபத்திரண்டுக்கு ஆப்பிள் மரம் நிறைய
ஒன்பது மஞ்சள் வயிறு,
ஒன்பது கறுப்புக் கழுத்துப்பட்டி,
அலுவலகம் திறக்கக் காத்திருப்பவர்கள் போல.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினேன்.

பிறகு சத்தம் நின்றது.
அதைத்தான் முதலில் கவனித்தேன்.
வேலிப் பக்கமிருந்து சாம்பலாக ஒன்று
பனியை உரசிக்கொண்டு வந்து
எழும்பி

போய்விட்டது.
ஐயோ என்பதில் நான் பாதிதான் சொல்லியிருந்தேன்.
வல்லூறு.
பனியில் இரண்டு சிறகின் அச்சு,
விரித்த விசிறி மாதிரி, அழகாகவே இருந்தது.
நடுவில் மூன்று மஞ்சள் இறகுத் தூவி.
இரத்தம் சொட்டுக்கூட இல்லை.

தொலைபேசியில் ஆர்வெட், பக்கத்து வீடு.
"பார்த்தாயா? பெட்டை! என்ன பருமன்!"
மூன்று குளிர்காலமாக அவன் எண்ணிக் காத்திருக்கிறான்,
அவன் தோட்டத்துக்கு ஒன்றுகூட வந்ததில்லை.
"அவளுக்கும் சேர்த்தல்லவா நீ சமைத்திருக்கிறாய்."
சிரித்தான். கெட்ட எண்ணமில்லை அவனுக்கு.
பால் கொதிக்கிறது என்று வைத்துவிட்டேன்.
பால் எதுவும் அடுப்பில் இல்லை.

பந்தியை ஒரே இடத்தில் போட்டது நான்தான்,
அதே மரத்தடி, அதே எட்டு மணி,
பார்ப்பவர் பார்த்து வைத்துக்கொள்ளும்படி.
வல்லூறுக்கும் நேற்றிரவு மைனஸ் இருபத்தேழுதான்.
அதற்கு விதை இறங்காது.
இவ்வளவும் தெரிகிறது எனக்கு.
தெரிந்தும் அந்த மூன்று தூவியைப் பார்க்காமல்
மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கிளை காலி.
ஒன்று வந்து ஒரு விதையைப் பறித்துக்கொண்டு ஓடியது.
பிறகு இரண்டாக. நான்காக.
பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் எட்டு.
திரும்ப எண்ணினேன்.
எட்டு.

படிவத்தில் ஒன்பதை அழிக்க வேண்டியதில்லை.
விதி அப்படி.
எட்டை எழுத அதில் இடமில்லை.
கடைசி வரியில்: வல்லூறு, ஒன்று.
அந்த ஒன்பதில் ஒன்று
இந்த ஒன்றுக்குள் இருக்கிறது.
அதைக் கேட்க அவர்கள் கட்டம் எதுவும் போடவில்லை.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
தீனிக் கம்பத்தை அசைக்க முடியவில்லை,
மண் இரும்பாகியிருந்தது, வசந்தம்வரை அங்கேதான்.
கொழுப்பை மட்டும் அவிழ்த்து
ஜூனிப்பர் புதரை ஒட்டிக் கட்டினேன்.
ஆபத்தென்றால் உள்ளே பாயலாம்.
முடிச்சுப் போடக் கையுறையைக் கழற்றியதில்
விரல்கள் மாலைவரை என்னுடையதாக இல்லை.

மேல் கிளையில் மரங்கொத்தி
தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது,
கொழுப்பு இருந்த
பழைய இடத்தை.