எட்டேகால் பதினாறு

வண்டி என் பேரில் இருக்கிறது.
ஓட்டுவது அவர்.
கிளட்ச் எந்தக் கால் என்று கேட்டால்
யோசித்துத்தான் சொல்வேன்.
ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில்
வள்ளிக்கண்ணு, கணவர் சாத்தையா,
நிறம் பழுப்பு. வண்டியின் நிறம்.

சித்திரை கடைசி.
தேவகோட்டை ரஸ்தாவில் தார் இளகி
செருப்பை வாங்கிக்கொண்டு
திருப்பித் தரமாட்டேன் என்கிறது.
சிக்கந்தர் பாய் கடை வாசலில்
உறைகிணறு மாதிரி அடுக்கிய டயர்கள்.
ஓர் அடுக்குக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.
"அதை மட்டும் விலை கேக்காதீங்க" என்றார் பாய்.

"எல்லா சீசனுக்கும் தாங்கணும் பாய்.
நாங்களும் தாங்கணும்."

"நம்ம பக்கம் சீசன் ஏது சாத்தையா?
வெயில், அப்புறம் கொஞ்சம் வெயில்,
ஐப்பசியில பத்து நாள் மழை."
அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான்
பருவம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.
ஆனியில் புதுவயல் மில்லில்
மத்தியானம் அரிசி ஏற்றினால்
திருப்பத்தூர் தாண்டும்வரை நெருப்பு,
தேனியில் பக்கவாட்டுக் காற்று,
ராத்திரி குமுளி ஏற்றத்தில்
முன்கண்ணாடி தெரியாத மழை.
வண்டிக்கு ஒரு வருஷம்
விடிவதற்குள் முடிந்துவிடுகிறது.

போன ஆடியில் அங்கே ஒரு வளைவில்
"லேசா சறுக்கிச்சு" என்று வந்து சொன்னார்.
லேசா என்றால் எவ்வளவு என்று
கிளீனர் அழகரைக் கேட்டேன்.
கையை அகட்டிக் காட்டினான்.
பிறகு தன் கையைத் தானே பார்த்து
இன்னும் கொஞ்சம் அகட்டினான்.

அதனால்தான் நானும் வந்தேன்.
ஒரு ரூபாய்க் காசை
பழைய முன்டயரின் வரியில் செருகினேன்.
உள்ளே போக இடமில்லை,
ஒரு ரூபாயும் ஒரு ரூபாயாகவே வெளியே நின்றது.

பேர் தெரியாத கம்பெனி: ஒன்பதாயிரத்து எண்ணூறு.
முப்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடுமாம்.
போனில் வகுத்தேன். இருபத்தெட்டுப் பைசா.
பெரிய கம்பெனி: பதினெட்டாயிரத்து ஐந்நூறு, லட்சம் ஓடும்.
பதினெட்டரைப் பைசா.
நடுவில் ஒன்று, பதினாலாயிரத்து எண்ணூறு,
எண்பதாயிரம். அதுவும் பதினெட்டரை.
மலிவானதுதான் ஜாஸ்தி விலை என்று
அவரிடம் காட்டினேன்.
வெயிலில் போன் திரை தெரியவில்லை என்றார்.

சீட்டு எடுத்த பணம் ஐம்பத்திரண்டாயிரம்
என் பையில், ஈரத்துணிக்குக் கீழே.
ஆறுக்கும் புதுசு போட முடியாது.
முன்னுக்கு இரண்டு நடுவிலை.
பின்னால் வெளிப்பக்கம் இரண்டையும்
கட்டு நல்லாயிருக்கிறதால் ரீட்ரேட்.
முன்பக்கம் ரீட்ரேட் வேண்டாம் என்றேன்.
"சொன்னது யாரு?" என்றார் பாய்.
அழகரின் கை என்று சொல்ல முடியுமா.

"உங்களுக்காக, ஒண்ணுக்கு தொள்ளாயிரம் குறைக்கிறேன்."
குனிந்து பக்கச்சுவரைத் துடைத்தேன்.
சின்னதாக நாலு எண்: மூணு ஒண்ணு, ரெண்டு சைபர்.
இருபதாம் வருஷத்து முப்பத்தோராம் வாரம்.
எங்கள் இளையவன் பிறந்த அதே வாரம்.
அவனுக்குப் பால்பல் விழுந்துவிட்டது, பாய்.
இது இன்னும் ரோட்டையே பார்க்கவில்லை.

பாய் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு குடோன் சாவியை எடுத்தார்.

மாட்டி முடிக்க மூன்று மணி.
மிச்சக் காசில் ஏர் ஹாரன் ஒன்று என்று
இவர் மெதுவாக ஆரம்பித்தார்.
ஸ்டெப்னியைப் பார்த்தேன்.
அதோடு அந்தப் பேச்சு நின்றது.

புது டயரின் ரப்பர் முடிகளைத் தடவிவிட்டு
ஓட்டுகிற எல்லோரையும் போல
ஓர் உதை விட்டார்.
அழகரும் விட்டான்.

எந்தக் கால் என்று யோசிக்காமல்
நானும் விட்டேன்.
நன்றாக வலித்தது.