கொடியில் ஒரு சட்டை

அக்னி நட்சத்திரம் பிறந்த நாலாம் நாள்
கூலர் குளிரவில்லை.
பதினோரு தவணையில் மூன்றுதான் கட்டியிருக்கிறோம்.

காற்று வருகிறது, அதில் குறையில்லை.
இட்லிப் பானை மூடியைத் திறந்ததும்
முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

வேதையன் முதலில் செய்தது
பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு.
டிவிக்கும் அவரிடம் அதுதான் வைத்தியம்.
பிறகு ஃப்ரீசரைச் சுரண்டி
இருந்த ஐஸையெல்லாம் தொட்டியில் கொட்டினார்.
பத்து நிமிடம் கொடைக்கானலில் இருந்தோம்.
பதினோராவது நிமிடம்
முத்துப்பேட்டை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே உட்கார்ந்தேன்.
பின்கதவில் ஆறு ஸ்குரு.
ஒன்று உருண்டு கட்டிலடிக்குப் போனது,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மேலே வரிசையாகப் பன்னிரண்டு துளை,
ஏழை வெள்ளையாய் ஏதோ அடைத்திருந்தது.
தேன்கூட்டு அட்டை ஒரு பாதி நனைந்திருக்க
மறுபாதி அப்பளம் போல மொறமொறத்தது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
வேறென்ன, எங்கள் போர் தண்ணீர்தான்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறால் குட்டை வந்ததிலிருந்து
பருப்பு வேக அடம்பிடிக்கிறது,
சோப்பு நுரைப்பதில்லை,
குடத்தின் அடியில் படிவதை வேண்டுமானால்
ரசத்துக்குப் போடலாம்.

கோணி ஊசியால் துளைகளைக் குத்தினேன்.
அட்டையை வினிகர் தண்ணீரில் ஊறப்போட்டுப்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
குடிக்கிற கேன் தண்ணீர் ஒன்றை
மனசில்லாமல் தொட்டிக்கு ஊற்றினேன்.
மாட்டினேன், ஐந்து ஸ்குருவோடு.
அட்டை முழுக்க நனைந்தது, அழகாக.
அறை மட்டும் அப்படியே புழுங்கியது.

கூத்தாநல்லூர் நைனா முகமதுக்குப் போன் போட்டேன்.
கம்பெனி, மாடல் எதுவும் கேட்கவில்லை.
"கொடியில துணி காயுதாக்கா?"
காலையில் போட்ட சட்டை, காலரில் இன்னும் ஈரம்.
"அதான். கடல் காத்து இறங்கிருச்சு.
வயிறு முட்டக் குடிச்ச காத்து
உங்க தண்ணிய எங்கேருந்து குடிக்கும்?
அப்படிப்பட்ட நாள்ல மோட்டார நிறுத்திட்டு
காத்த மட்டும் வாங்குங்க.
ஜன்னல் தொறந்திருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு எதிரே கை நீட்டினால்
கொழுந்தனார் வீட்டுச் சுவர்.
பாகம் பிரிக்காத ரெண்டு மா நிலத்தை
இறால்காரனுக்குக் குத்தகை விடலாம் என்கிறார் அவர்.
விடலாமே என்கிறார் வேதையன்.
மாட்டேன் என்று நான்.
பங்குனியிலிருந்து ராத்திரிதோறும் இதேதான்.
சத்தம் வெளியே போகக்கூடாதென்று மூடிய ஜன்னல்.

"போறதுக்கு வழி வைக்கலன்னா
வர்ற காத்து என்னக்கா செய்யும்,
உங்க வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வேர்க்கும்" என்றார் நைனா.

துருப்பிடித்த கொக்கியைச் சுத்தியலால் தட்டித் திறந்தேன்.
எங்கள் காற்று போய்
அவர்கள் வீட்டுத் திரைச்சீலையைத் தூக்கியது.
உடனே இல்லை,
கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தில் குளிர்ந்தது.

அன்றிரவு குசுகுசுவென்று சண்டை போட்டோம்.
சில வார்த்தைகளை மெதுவாகச் சொல்ல முடிவதில்லை,
அவற்றை விட்டுவிட்டுப் போட்டதில்
சண்டை சீக்கிரம் முடிந்துபோனது.
மணி ஒன்றிருக்கும்.
இருட்டிலிருந்து ஓரகத்தி கமலவேணியின் குரல்,
பக்கத்துத் தலையணையிலிருந்து வருவது போல:
"அக்கா, உங்க கூலர்ல தண்ணி தீந்துருச்சு.
சத்தம் மாறுது, பாருங்க."

நான் எழுந்து மோட்டாரை அணைத்தேன்.
வேதையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.
அப்படியானால் பங்குனியிலிருந்தே.

ரெண்டு மா இன்னும் முடிவாகவில்லை.
விடிந்ததும் கொடிக்குப் போய்
அதே சட்டையின் காலரைத் தொட்டேன்.
ஈரம்.
இன்றைக்கு விசிறி மட்டும் போதும்.