பக்கத்துக்குப் பத்து சென்ட்

வில்லோ கிராசிங் நூலகத்துக்குள் போக
இரண்டு கதவுகளைத் தள்ள வேண்டும்.
நடுவில் உள்ள ஆறடிக் குளிரில்
காலணிப் பனியைத் தட்டிவிட்டு
உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும்.
அது தெளிவதற்குள் வெர்னா
என்னைப் பார்த்திருப்பாள்.

சஸ்காட்சுவான். தானியக் கோபுரத்துக்கும்
மூடிப்போன வங்கிக்கும் இடையே ஒற்றை அறை.
பனியில் புதையாமல் நடக்கிற அகலப் பாதணிகளை
மூன்று வாரத்துக்கு இரவல் தருகிறார்கள்.
ரயில் வடிவக் கேக் அச்சும் உண்டு.
அதில் ஒரு பெட்டி நசுங்கியிருக்கும்.
ஊரில் எந்தப் பிள்ளையின் பிறந்தநாளிலும்
நான்காம் பெட்டி
அதே விபத்தில் மாட்டிக்கொண்டுதான் வரும்.
செவ்வாய் பத்தரைக்கு மழலைகளுக்குக் கதை.
வியாழன் மாலை வரிப் படிவம் நிரப்பித் தர
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
பென்சிலைத் தவிர எதையும் நம்பாதவர்.

எனக்கு வேண்டியது அச்சு இயந்திரம்.

மோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டு
மூன்றரைக்கு வருவேன்,
விரல்களில் இன்னும் குளோரின்.
கைப்பேசியில் ஓர் அழுத்தம்.
அறையின் மறுகோடியில், வெர்னாவின் முதுகுக்குப் பின்னால்,
என் விவகாரங்கள் சூடாக வெளியே விழும்.

வேலை அனுமதி மறுப்பு, ஆறு பக்கம்.
மறுபடி விண்ணப்பம், இருபத்தெட்டு.
அவர் வைத்திருக்கும் திருச்சி வக்கீல் எழுதியது, மூன்று.

வெர்னா எழுந்து போவாள்.
எடுக்கும்போதே கவிழ்த்துவிடுவாள்,
சீட்டை மறைக்கிற ஆட்டக்காரி போல.
வெள்ளைப் புறத்தைப் பார்த்தபடி
கட்டைவிரலால் எண்ணி,
"ஆறு. அறுபது சென்ட்."

அந்த அறையில் இருப்பதையெல்லாம்
இரண்டு தடவை படித்தவள் என்கிறார்கள்.
என்னை மட்டும் விட்டுவைத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் தாள் சிக்கியது.
இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து
ஆர்மோனியத் துருத்தியாய் மடிந்த ஒன்றை இழுத்தாள்.
எழுத்துப்புறம் மேலே.
தடித்த எழுத்தில் என் பெயர்,
அதன் கீழே ஒரு வரி,
நானே அதுவரை வாசிக்காதது.

வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள்.
துடைக்கக்கூட இல்லை.
சும்மா கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு
மங்கலாகத் தெரிந்திருக்கக்கூடிய என்னை நோக்கி
தாளை நீட்டினாள்.
"சிக்கினதுக்குக் காசு இல்லை."

கோடை வருவதற்குள் என்னிடம் ஒரு சாவி இருந்தது.
சனிக்கிழமைகளில் இரண்டு மணிநேரம், சம்பளமில்லாமல்.
பழைய அட்டை இழுப்பறைகளில் விதை உறைகளை அடுக்குவேன்.
பீன்ஸ் என்று போட்டதற்குள் சூரியகாந்தி.
'வெள்ளரி?' என்று
யாரோ சந்தேகத்தையும் சேர்த்துத் திருப்பித் தந்த உறை.
அச்சுக் காசுக்கு ஒரு பிஸ்கட் டின்.

நேற்று, பூட்டுகிற நேரம்.
வெளியே இந்த வருடத்தின் முதல் பனி.
அறையில் வெர்னா, நான், மீன்தொட்டியின் மோட்டார்.
இயந்திரம் விழித்து முனகியது.
கணினியிலிருந்து அவள் தலை தூக்கவில்லை.

நான் எழுந்து போனேன்.
கை சரியாகத்தான் கவிழ்த்தது.
கண்தான் கொஞ்சம் பிந்திவிட்டது:
மேல் மூலையில் நீல நிறத்தில்
ஒரு மருத்துவமனைச் சின்னம்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
தெரியாது என்றே வைத்திருக்கிறேன்.

வெள்ளைப் புறத்தை எண்ணினேன்,
நான்குதான், ஆனாலும்
நாற்பது இருப்பதுபோல நிதானமாக.
"நாற்பது சென்ட்."

பணியாளருக்கு அச்சு இலவசம்.
அது எங்கள் இருவருக்கும் தெரியும்.
அவள் கைப்பையைத் துழாவி
ஒரு கால் டாலர், ஒரு பத்து, ஒரு ஐந்து என்று
டின்னில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

விளக்கை அணைத்தோம்.
இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று
கையுறை மாட்டிக்கொள்ள
அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.
நானும் எடுத்துக்கொண்டேன்,
என்னிடம் கையுறையே இல்லை என்றாலும்.