இரண்டு பதம்

சால்தோ நகரில் ஏப்ரல்.
அங்கே ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம்.
கொல்லை மதிலை எட்டிப் பார்க்கும் உயரத்தில்
மூன்று கஞ்சாச் செடிகள்.
சட்டம் ஆறுக்கு இடம் தருகிறது.
இரண்டு ஆணாகப் போனதால் ஜனவரியிலேயே பிடுங்கியாயிற்று.
இன்னொன்றை இலைவெட்டி எறும்புகள்
ஒரே இரவில் மொட்டையடித்தன.

ஓந்தினா இருபத்தாறு வருடம்
ஆரஞ்சுக் கிடங்கில் தரம் பிரித்தவள்.
தோலின் நிறத்தை நம்பக்கூடாதென்று
அவள் கைகளுக்குத் தெரியும்:
பச்சையாய் இருந்தே இனித்த பழங்கள்,
தங்கமாய் மின்னிப் புளித்தவை.

ஆகவே பூவின் வெள்ளை இழைகள்
பழுப்பேறிச் சுருண்டதை
அவள் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.
பக்கத்து வீட்டு வால்தெமார்
மதில்மேல் தாடையை வைத்து
"வெட்டு, வெட்டு" என்கிறான்.
போன வருடம் அவசரப்பட்டு
வைக்கோலைப் புகைத்தவன் அவன்.

பூதக்கண்ணாடிக்கு அடியில்
காம்பும் தலையுமாய்
கண்ணாடிக் குண்டூசிகளின் கூட்டம்.
நீராய்த் தெளிந்திருந்தால் இன்னும் பிஞ்சு.
பாலாய்க் கலங்கினால் சிரிப்பு.
தேன் ஏறினால் தூக்கம்.
அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேல் கொத்தில் பால்.
நடுவிலும் பால், அங்கங்கே ஒரு சொட்டுத் தேன்.
கீழே, நிழலில், வெறும் தண்ணீர்.
ஒரு சோறு பதம் என்கிற கணக்கு
இந்தப் பானைக்கு ஆகாது.

ஏபெருக்குத் தேன் வேண்டும்.
இரவு லாரி ஓட்டி ஓட்டி
பகலில் மூட மறந்துபோன கண்கள்.
"இன்னும் பத்து நாள்" என்கிறான்
மாத்தேக் குடுவையை உறிஞ்சியபடி.

அவளுக்கு என்ன வேண்டுமென்று
அவன் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
இந்தச் சமையலறையில் கடைசியாகச் சிரித்தது யார்
என்று யோசித்துப் பார்த்தாள்.
வானொலி.

வெள்ளிக்கிழமை மழை என்றது அதே வானொலி.
வியாழன் காலை ஒரு கொத்தைப் பிளந்தாள்.
உள்ளே சாம்பல் பூஞ்சை,
கட்டைவிரல் நகமளவு.
பூஞ்சைக்குப் பாலும் ஒன்றுதான்
தேனும் ஒன்றுதான்.

கத்தரியை எடுத்தாள்.
மூன்று செடியிலும்
இடுப்புக்கு மேலே தனக்கு.
இடுப்புக்குக் கீழே அவனுக்கு,
மழை விட்டுவைத்தால்.

பாதியில் கத்தரி பிசினில் ஒட்டிக்கொண்டு
வாய் திறக்க மறுத்தது.
சமையல் எண்ணெய் தடவித் தொடர்ந்தாள்.
வாசலில் லாரி நிற்கும் சத்தம்.

தலையில்லாத மூன்று செடிகளைப் பார்த்து
சாவிக்கொத்தும் கையுமாய்
அவன் நின்ற நிற்பில்
அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொடியில் தொங்கியவற்றில்
ஒரு இலைகூட அதற்குள் காயவில்லை.