தொழில்: காதிப்

தேரா, நைஃப் சாலை, டைப்பிங் சென்டர்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கண்ணாடிக் கதவைத் தள்ளி
ஒரு ஈக்வடார் பாஸ்போர்ட் உள்ளே வந்தது;
பின்னாலேயே கோட்டுப் போட்ட ஒரு மனிதர்.
பெயர்: எலியோதோரோ மன்ரிக்கே.
பிறந்த ஊர்: குவாயாகில்.
தொழில்?
"காதல் பாட்டு எழுதுவேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு."

கம்ப்யூட்டரின் பட்டியலில்
கண்ணாடி துடைப்பவர் உண்டு,
ஒட்டகம் மேய்ப்பவர் உண்டு,
பாட்டெழுதுபவர் இல்லை.
காதிப் என்று அடித்தேன்.
அரபியில் அது எழுத்தாளருக்கும் ஆகும், குமாஸ்தாவுக்கும் ஆகும்.
என் காதில்
காதல் மாதிரியே தொடங்கிக்
கடைசியில் உதட்டை மூடிக்கொள்ளும் சொல்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தார்.
விசாவுக்குக் கொஞ்சமாக வாழ்க்கையைச் சொன்னார்,
முன்பின்னாக.

வாழைக்காய்க் கப்பல்களுக்குக் கணக்கெழுதும் வேலை.
பத்தொன்பது வயது.
ரசீதின் பின்பக்கம் முதல் பாட்டு,
ஒரு பல்டாக்டரின் மகளுக்கு.
அதில் அவள் பெயர் இல்லை, கண்ணும் கூந்தலும் இல்லை,
அவள் உட்கார்ந்துபோன நாற்காலி இருந்தது.
'துறைமுகத்தில் ஒரு நாற்காலி.'
லீமாவில் பாடினார்கள், மெக்சிகோவில் பாடினார்கள்,
ஒரு சோப்புக் கம்பெனிகூடப் பாடியது.
அதற்குள் உரிமையை விற்றிருந்தார்,
ஒரு ஃப்ரிட்ஜின் விலைக்கு.
"நல்ல ஃப்ரிட்ஜ், செஞோரா ஜுலைஹா.
பதினேழு வருஷம் ஓடியது.
கல்யாணம் ஒன்பதுதான்."

ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது.
கொரஸோன், கன்ஸியோன், ரஸோன் என்று
மேஜையில் தாளம் தட்டினார்.
இதயம், பாட்டு, நியாயம்:
மூன்றுக்கும் எங்கள் மொழியில் ஒரே வால்,
அந்த வாலைப் பிடித்தே பிழைத்தேன் என்றார்.
எங்கள் எதுகை வாலில் இல்லை என்றேன்.
வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில்.
முதலிலேயே பொருந்திவிட வேண்டும்,
முடிவு எப்படியும் போகட்டும்.
என் நிக்காஹ்வும் அப்படித்தான்
என்று வாய்வரை வந்ததை
எச்சிலோடு விழுங்கினேன்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"அப்படியானால் உங்கள் மொழியில்
கடைசிச் சொல்லுக்கு யார் காத்திருப்பார்கள்?"
சர்வர் வந்துவிட்டது.

ரிக்கா தெரு ஹோட்டலில், நான்காம் மாடியில், பியானோ.
போன ரமலானுக்கு முந்தைய வாரம்
மணிலாவிலிருந்து புதிதாக வந்த பாடகி மாரிவிக்
அந்தப் பாட்டை எடுத்தாளாம்.
வாசிப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.
'காத்திருப்பேன்' என்று அவள் நீட்டிய இடத்தில்
இவர் மைக்கில் மெல்ல 'காத்திருந்தேன்' என்றாராம்.
நாற்பது வருஷமாகத் திருத்த நினைத்த ஒரு சொல்.
இடைவேளையில் கையில் போனோடு வந்துவிட்டாள்:
"வரி தப்பு சார். நீங்களே கேளுங்கள்."
கேட்டாராம்.
"அவள் சொன்னதுதான் சரி.
அது இப்போது என் பாட்டு இல்லை."
சிரித்தார். கீழ்வரிசையில் ஒரு பல் காணோம்.

இந்த முறை புதுப்பிக்க வரவில்லை. ரத்து.
அறுபத்தெட்டு வயசுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாதாம்,
பியானோ இருந்த இடத்தில் ஜூஸ் கவுண்டராம்.
காரணம் என்ற கட்டத்தில் நான்கே வழி:
ராஜினாமா, ஒப்பந்த முடிவு, தலைமறைவு, மரணம்.
இரண்டாவதைத் தொட்டேன்.
கையெழுத்துப் போட வந்த பேனா
தொழில் என்ற இடத்தில் நின்றது.
"பன்னிரண்டு வருஷம் காதிப்.
ஒரு பாட்டும் எழுதவில்லை, பார்த்தீர்களா."

நூற்று ஐம்பத்தாறு திர்ஹாம் என்றேன்.
இருநூறு தந்துவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.
சில்லறை இல்லையே என்று
டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தேன்,
சில்லறை நிறைந்த டிராயரை,
ரொம்ப நேரம்.